நோர்வே மேற்குக் கரையில் காட்டுக் காளான்: முதல் முறை பறிக்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

பேர்கன் பக்கத்துக் காடுகளில் யூலை நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரைக்கும் ஏதோ ஒரு நல்ல காளான் கிடைத்துக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் பார்க்கிறேன், ஒரே இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்: கண்ணில் பட்டதையெல்லாம் பறித்துப் பையை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், அங்கே போனில் படம் பார்த்து எதைச் சாப்பிடலாம் என்று தேடுகிறார்கள். வேலை நேர்மாறாக நடக்கவேண்டும். எதைப் பறிக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு காட்டுக்குள் போய், அதை மட்டும் தேடி, அதை மட்டும் கொண்டுவரவேண்டும். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான், இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள்

மழை விழுந்து இடி இடித்த பிறகு புற்றடியில் வெள்ளையாக முளைக்கும் காளானைப் பிடுங்கிக் கறிவைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தக் கண்ணோடு இங்கத்தைய காட்டுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. புற்றுக்காளான் கறையானோடு சேர்ந்து வளர்வது. நோர்வேயில் கறையான் புற்றே கிடையாது, ஆகவே அந்தக் காளானும் கிடையாது. இங்கே பாசிக்குள் வெள்ளைவெளேரென்று குடை விரித்து நிற்பது ஆளைக் கொல்லும் காளானாக இருக்கலாம்.

வைக்கோல் காளானும் அப்படித்தான். அதன் தண்டின் அடியில் ஒரு பை இருக்கும், நமக்கு அது பழகின அடையாளம். இங்கே அடியில் பை இருக்கிறது என்றால் அது கொலைகாரக் காளான்களின் குடும்ப அடையாளம். கலிபோர்னியாவில் குடியேறிய லாவோஸ் அகதிகள் சிலர், பழகின வைக்கோல் காளான் என்று நினைத்து அந்தக் குடும்பத்துக் காளானைச் சாப்பிட்டு நஞ்சேறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அவர்களும் காட்டை அறிந்த மனிதர்கள்தான், ஆனால் அறிந்தது வேறு காடு.

இன்னொன்று, வீட்டுச் சோதனைகள். புழு அரித்திருந்தால் நல்லது, வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, உள்ளியோ மஞ்சளோ போட்டு அவித்தால் நஞ்சு போய்விடும் என்று அம்மம்மா காலத்திலிருந்து சொல்லிவருவது ஒன்றுகூட வேலைக்காகாது. நமக்கு நஞ்சான காளானை நத்தை சுகமாகத் தின்னும். வெள்ளி அந்த நஞ்சைக் காட்டாது, எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசி நன்றாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நாக்கையும் நம்பமுடியாது.

2. கொல்லக்கூடியதை முதலில் படியுங்கள்

எல்லாரும் நல்ல காளான் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். இந்தக் காட்டில் உங்களைக் கொல்லக்கூடியவை ஒரு சிலதான், அவற்றை மனதில் பதித்துவிட்டால் மீதிப் பிழைகள் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும்.

முதலாவது வீட் ஃப்ளூசொப் (காளான் பெயர்களை நோர்வேஜிய மொழியிலேயே தருகிறேன்). இது முழுக்க வெள்ளை. தொப்பியின் அடியில் புத்தகத் தாள்போல அடுக்கி நிற்கும் மெல்லிய தகடுகளும் வெள்ளை, தண்டில் கிழிந்த வளையம் இருக்கலாம், தண்டின் அடிப்பாகம் ஒரு பைக்குள் நிற்கும். அந்தப் பை பாசிக்குள் மறைந்திருக்கும் என்பதுதான் சிக்கல். கத்தியால் தரைமட்டத்தில் வெட்டினால் பை மண்ணோடு போய்விடும், கையில் இருப்பது சாதாரண வெள்ளைக் காளான் போலத் தெரியும். இதன் நஞ்சு ஈரலை அழிக்கிறது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், பிறகு ஒரு நாள் போல எல்லாம் சுகமாகிவிட்டதாகத் தோன்றும், அந்த நேரத்தில்தான் ஈரல் செத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஸ்பிஸ் யிஃப்ட்ஸ்லோர்சொப். செம்மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், தொப்பியின் நடுவில் ஒரு கூர், அடியில் துருநிறத் தகடுகள், தண்டில் அநேகமாக மஞ்சள் பட்டிகள். இது சிறுநீரகத்தைத் தாக்கும். அறிகுறி வர இரண்டு நாளிலிருந்து இரண்டு கிழமை வரைக்கும் எடுக்கலாம், அதற்குள் காளான் சாப்பிட்டதையே மறந்திருப்பீர்கள். டயாலிசிஸ் வரைக்கும், சிலருக்குச் சிறுநீரக மாற்றுவரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. இது நிற்பது பாசி மூடிய ஊசியிலைக் காட்டில், அதாவது அடுத்த படியில் வரும் ட்ராக்ட்கந்தரெல் என்ற நல்ல காளானை நாம் பறிக்கும் அதே பாசியில்.

மூன்றாவது ஃப்ளாட்க்ளொக்கஹாட். உக்கின மரக்கட்டையில் முளைக்கும் சின்னப் பழுப்புக் காளான், வீட் ஃப்ளூசொப்பில் உள்ள அதே வகை நஞ்சு இதிலும் உண்டு. தகடு உள்ள சின்னப் பழுப்புக் காளான் எதையும் தொடவேண்டாம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

தொடவேண்டாம் என்றால் பறிக்கவேண்டாம் என்று அர்த்தம். கை பட்டால் நஞ்சு ஏறாது. பிள்ளை ஒரு காளானைத் தொட்டுவிட்டது என்று பதறிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் பெற்றோரைக் காண்கிறேன். வாயில் போட்டு விழுங்கினால்தான் ஆபத்து. பிள்ளைகள் பார்க்கட்டும், மணக்கட்டும்.

3. முதல் ஆண்டுக்கு நான்கு காளான் போதும்

நான்குமே தொப்பியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் தகடு இல்லாதவை. இந்த ஒரு விதியை மட்டும் ஒழுங்காகப் பிடித்தால் மேலே சொன்ன மூன்றும் கூடைக்குள் வரமுடியாது, ஏனென்றால் மூன்றுக்கும் தகடு உண்டு.

கந்தரெல்: முட்டை மஞ்சள் நிறம். தொப்பிக்கு அடியில் தனித்தனித் தகடாக இருக்காது, தடித்த நரம்புகள் கிளைவிட்டுத் தண்டின்மேல் இறங்கி ஓடும், நகத்தால் சுரண்டினால் தொப்பியின் சதையோடு வரும், தனியாகக் கழராது. பிய்த்தால் உள்ளே வெளிறிய கெட்டிச் சதை, தண்டு குழாய் அல்ல. மூக்கருகே கொண்டுபோனால் அப்ரிகொட் மணம். இதோடு குழம்புவது பொய்க் கந்தரெல்: செம்மஞ்சளாக இருக்கும், கையில் மெத்தென்று வளையும், அடியில் நெருக்கமான மெல்லிய தகடுகள், சதையும் உள்ளே வரை செம்மஞ்சள். அது கொல்லாது, ஆனால் வேண்டாம்.

பிக்சொப்: தொப்பியின் அடியில் சின்னச் சின்ன முட்கள், விரலால் தடவினால் உதிரும். வெளிறிய மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். முள் உள்ள கொடிய நஞ்சுக் காளான் இந்தக் காட்டில் கிடையாது, அதனால் பழகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கந்தரெல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு இதற்குக் கிடைப்பதில்லை, எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

ஸ்டெய்ன்சொப்: பருத்த தண்டு, பழுப்புத் தொப்பி, அடியில் தகட்டுக்குப் பதில் பஞ்சு போன்ற துளைகள். தண்டின் மேற்பாகத்தை உற்றுப் பாருங்கள், வெள்ளை நிறத்தில் மெல்லிய வலை ஓடும். அந்த வலை கருமையாகவும் துளைகள் இளஞ்சிவப்புப் பட்டும் இருந்தால் அது கல்லரோர்சொப். நஞ்சில்லை, ஆனால் ஒன்று சட்டிக்குள் விழுந்தாலே முழுக் கறியும் கசந்து வெளியே கொட்டவேண்டியதுதான்.

ட்ராக்ட்கந்தரெல்: புனல் மாதிரி நடுவில் குழிந்த பழுப்புத் தொப்பி, அடியில் சாம்பல் நரம்புகள், மஞ்சள் கலந்த தண்டு. தண்டு உள்ளே வெறும் குழாய், முற்றின காளானில் தொப்பியின் நடுவிலிருந்தே ஓட்டை தெரியும். இதை நான்காவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, ஏழாம் படியில் வருகிறது.

முதல் இரண்டு போக்கிலும் கந்தரெல்லையும் பிக்சொப்பையும் மட்டும் தேடுங்கள். கண் பழகின பிறகு மற்ற இரண்டையும் சேருங்கள்.

4. புறப்படுமுன் எடுத்துவைக்க வேண்டியவை

கூடை அல்லது கடதாசிப் பை. பொலித்தீன் பை வேண்டவே வேண்டாம். உள்ளே வேர்த்து ஒன்றோடொன்று நசுங்கி, வீட்டுக்கு வருமுன்னே அழுகத் தொடங்கிவிடும், பழுதான காளான் நல்ல இனமாக இருந்தாலும் வயிற்றைக் கெடுக்கும். அத்தோடு, நசுங்கிப்போனதை யாரிடம் காட்டினாலும் அடையாளம் சொல்லமுடியாது.

சின்னக் கத்தி, ஒரு மென்மையான தூரிகை, நிச்சயமில்லாதவற்றைத் தனியாகப் போட இரண்டு மூன்று கடதாசிப் பைகள். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, மழை அங்கி. பேர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, வெயில் நாளுக்குக் காத்திருந்தால் சீசன் முடிந்துவிடும்.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, கார் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காளான் தேடுகிறவர் தரையையே பார்த்து நடக்கிறார், அரை மணித்தியாலத்தில் திசை போய்விடும். மலை மறைவில் சிக்னலும் இருக்காது. ஒக்டோபரில் பின்னேரம் சீக்கிரம் இருட்டும், காட்டுக்குள் இன்னும் முந்தியே இருட்டும், தலைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

சிவப்பு அல்லது செம்மஞ்சள் உடுப்பு ஏதாவது போடுங்கள். மான் வேட்டை செப்டெம்பர் 1 தொடங்கிவிடும், இந்தப் பக்கத்தில் மான்வேட்டைக்காரர் நிறையப் பேர்.

அப்புறம், உண்ணி. மேற்குக் கரைக் காட்டில் அது தாராளம். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கக்கம், பிள்ளைகளுக்குத் தலைமயிர் ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தில் பிறகு நாட்களாக ஒரு சிவப்பு வளையம் பெருத்துக்கொண்டு வந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

5. எப்போது, எங்கே

கந்தரெல் யூலையிலேயே வரும், செப்டெம்பர் வரைக்கும் நிற்கும். நல்ல மழை பெய்து சில நாள் இளஞ்சூடாக இருந்த பிறகு போங்கள். பிர்ச்சும் பைனும் கலந்து நிற்கிற, பாசியும் புளூபெரிச் செடியும் மூடின சரிவுகள், பழைய ஒற்றையடிப் பாதை ஓரங்கள், ஓடைக்கரைகள் என்று பாருங்கள். இந்தக் காளான் மரவேரோடு சேர்ந்து வாழ்கிறது, அதனால் மரத்தைத் தேடினால்தான் காளான் கிடைக்கும். அதே காரணத்தால் ஒரு தரம் கண்ட இடத்தில் அடுத்தடுத்த ஆண்டும் வரும். இடத்தைக் குறித்துவையுங்கள், ஒருவரிடமும் சொல்லத் தேவையில்லை. இங்கே பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் கூடச் சொல்லமாட்டார், அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை.

ட்ராக்ட்கந்தரெல் ஓகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரைக்கும். மேற்குக் கரையின் பெரும்பகுதியில் ஸ்ப்ரூஸ் மரம் இயற்கையாக வளர்ந்ததல்ல, கடந்த நூற்றாண்டில் நட்டது. அப்படி நட்டு முற்றிப்போன ஸ்ப்ரூஸ் தோட்டங்களில் தடித்த பாசி உள்ள இடமாகப் பாருங்கள். ஒன்று கண்டால் அப்படியே குந்திவிடுங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது காய்ந்த இலைபோலக் கிடப்பது, கண் தாழ்ந்ததும் பத்தாக, ஐம்பதாகத் தெரியத் தொடங்கும்.

வாகனம் ஓயாத பெருந்தெரு ஓரம், பழைய தொழிற்சாலை வளவு ஆகியவற்றில் பறிக்காதீர்கள். காளான் மண்ணிலுள்ள பார உலோகங்களை இழுத்துச் சேர்க்கும்.

6. யாருடைய காணி என்ற கேள்வி

அனுமதிச்சீட்டு தேவையில்லை. 1957 ஆம் ஆண்டின் வெளிக்களச் சட்டப்படி, பயிர் செய்யாத திறந்த காட்டில் எவரும் நடக்கலாம், காளான் பறிக்கலாம், காணி தனியாருடையதாக இருந்தாலும் சரி. வீட்டு முற்றம், வேலி போட்ட வயல், கன்றுத் தோட்டம் இதற்குள் அடங்காது. இயற்கைக் காப்பகம் என்றால் வாசலிலுள்ள பலகையை வாசியுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ஆட்டு வேலியின் படலையைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள்.

7. பறிக்கும் விதம்

புதுக் காளான் எதையும் முதல் தடவை வேரடியோடு எடுங்கள். தண்டைப் பிடித்து மெல்லத் திருகி, பாசிக்குள் விரலை விட்டு அடிப்பாகம் முழுசாக வரும்படி தூக்குங்கள். அடியில் பையோ வீக்கமோ உண்டா என்று பார்க்க வேறு வழியில்லை. நிச்சயமாகத் தெரிந்த காளானைத்தான் வெட்டி எடுக்கலாம். திருகினால் அடுத்த ஆண்டு வராதா என்று கேட்பார்கள், அப்படி ஒன்றும் நடப்பதில்லை. காளானின் உடல் மண்ணுக்குள் நூல்நூலாக ஓடுகிறது, நாம் எடுப்பது அதன் காய் மட்டும். எடுத்த இடத்துப் பாசியைத் திரும்ப அமத்திவிடுங்கள்.

எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். நரம்பா, முள்ளா, துளையா? தகடு என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இப்போது ட்ராக்ட்கந்தரெல் கதை. அது கூட்டமாக நிற்பதால் கை தானாகவே வேகம் பிடித்து, கொத்தாக அள்ளி வெட்டித் தள்ளத் தொடங்குவார்கள். பத்துத் தண்டோடு சேர்ந்து வருகிற பதினோராவது அந்தச் சிறுநீரக நஞ்சுக் காளானாக இருக்கமுடியும். நோர்வேயில் நடந்தும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாக எடுங்கள், ஒவ்வொன்றையும் திருப்புங்கள்: சாம்பல் நரம்பு, குழாய்த் தண்டு. துருநிறத் தகடோ சதை நிரம்பின தண்டோ கண்டால் அது வேறு காளான். வீட்டில் துப்புரவாக்கும்போது இன்னொரு தடவை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூட வந்தவர் பறித்ததையும் நீங்கள் பாருங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் கூடைக்குள் போட்டதை.

அடியில் ஒட்டின மண்ணையும் ஊசியிலையையும் அங்கேயே கத்தியாலும் தூரிகையாலும் எடுத்துவிட்டுத்தான் கூடையில் போடவேண்டும். மண்ணோடு போட்டால் ஒன்றின் மண் எல்லாவற்றின் நரம்புக்குள்ளும் இறங்கும், வீட்டில் மூன்று மடங்கு வேலை. ஸ்டெய்ன்சொப்பை நெடுக்காகப் பிளந்து பாருங்கள், வெளியே மினுங்கும், உள்ளே முழுக்கப் புழு இருக்கும். பஞ்சாகி நீர்கோத்த கிழட்டுக் காளான்களை விட்டுவிடுங்கள்.

8. காட்டிவிட்டுச் சமையுங்கள்

இந்த நாட்டில் கிடைக்கும் பெரிய வசதி இதுதான், நம்மவர்கள் பயன்படுத்துவது குறைவு. இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பல ஊர்களில் சொப்கொன்ட்ரோல் நடக்கும். பரீட்சை எழுதித் தேறிய காளான் அறிஞர்கள் மேசை போட்டு இருப்பார்கள், கூடையைக் கொண்டுபோய்க் கொட்டினால் இலவசமாகப் பிரித்துத் தருவார்கள். நோர்வேஜிய மொழி சரளமாக வராது என்று கூச்சப்படவேண்டாம், கூடைதான் பேசும்.

போக இயலாவிட்டால் சீசன் காலத்தில் இணையவழி சொப்கொன்ட்ரோல் இருக்கிறது, படம் அனுப்பினால் ஆள்தான் பார்த்துப் பதில் தருவார். தொப்பியின் மேற்பக்கம், அடிப்பக்கம், முழுத் தண்டு அடியோடு, நெடுக்காக வெட்டிய துண்டு என்று தனித்தனியாக எடுங்கள். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை அனுப்பினால் ஒருவராலும் ஒன்றும் சொல்லமுடியாது.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளை நம்பிச் சாப்பிடாதீர்கள். அது சாயலை வைத்துச் சொல்கிறது, அடியிலிருக்கும் பையை அதுக்குக் காட்டியிருக்கவும் மாட்டீர்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா சொல்வதும் அந்தக் கணக்குத்தான்.

கூடைக்குள் கொடிய நஞ்சுக் காளான் ஒன்று கலந்திருந்தது என்று தெரிந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். உடைந்த துண்டு எதற்குள் போய் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

9. அடுப்படியில்

அன்றைக்கே துப்புரவாக்குங்கள். மிஞ்சினால் கடதாசிப் பையில் பிரிட்ஜில் ஒரு நாள், இரண்டு நாள். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், உறிஞ்சிக்கொள்ளும்.

பச்சையாக எந்தக் காளானையும் தின்னக்கூடாது. காய்ந்த தாச்சியில் எண்ணெய் விடாமல் போட்டு, நடுத்தர நெருப்பில் காளான் தன் தண்ணீரை வெளியே விட்டு அது வற்றும்வரை பிரட்டுங்கள். தண்ணீர் இருக்கும்போதே எண்ணெய் விட்டால் பொரியாது, அவிந்துபோகும். வற்றின பிறகு வெண்ணெயும் வெங்காயமும் உள்ளியும் போட்டு, ஓரம் பொன்னிறமாகும்வரை விடுங்கள். கந்தரெல்லுக்கு உப்பும் மிளகும் தாண்டி ஒன்றும் போடாதீர்கள், மிளகாய்த்தூள் விழுந்த அந்தக் கணமே அதன் மணம் போய்விடும், அதற்குக் கடைக் காளானே போதுமே. ட்ராக்ட்கந்தரெல் தேங்காய்ப்பாலில் கறிவைத்தாலும் தாக்குப்பிடிக்கும். முற்றின பிக்சொப் கொஞ்சம் கசக்கும், இளசாகப் பறியுங்கள்.

முதல் தடவை சாப்பிடும் இனத்தில் சின்ன அளவு மட்டும் எடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு புது இனம் வேண்டாம். நல்ல காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எது ஒத்துவரவில்லை என்று தெரியவேண்டும். உடம்பு சரியில்லாமல் போனால் காட்டுவதற்கு, சமைக்காத காளான் ஒன்றிரண்டைப் பிரிட்ஜில் எடுத்துவையுங்கள்.

சேமிக்கிறதென்றால் ட்ராக்ட்கந்தரெல்லையும் ஸ்டெய்ன்சொப்பையும் காயவையுங்கள், முறுமுறுவென்று உடையும் பதம் வந்ததும் போத்தலில் அடைக்கலாம். கந்தரெல் காய்ந்தால் தோல் மாதிரி ஆகிவிடும், அதைத் தண்ணீர் வற்ற வதக்கி ஆறவைத்து உறையவையுங்கள்.

10. உடம்பு சரியில்லை என்றால்

சந்தேகம் வந்த அந்த நிமிடமே, அறிகுறி வரக் காத்திராமல், நஞ்சுத் தகவல் நிலையமான யிஃப்ட்இன்ஃபொர்மஷோனனுக்கு அழையுங்கள்: 22 59 13 00, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆள் மயங்கினாலோ மூச்சுக் கஷ்டப்பட்டாலோ அவசர மருத்துவ உதவி எண் 113. தானாக வாந்தி எடுக்கவைக்காதீர்கள், பால் குடிக்கவைத்தால் முறியும் என்பதும் பொய்.

சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால் அதைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடக்கூடாது. தாமதமாக வருவதுதான் கொடிய நஞ்சின் குணம். இடையில் சுகமானது போல இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கூடச் சாப்பிட்ட எல்லாரும் போகவேண்டும், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறவரும்கூட. காளான் சாப்பிட்டு ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு அடங்காத தாகம், இடுப்பு வலி, சிறுநீர் அளவில் மாற்றம் என்று வந்தாலும் மருத்துவரிடம் காளான் விஷயத்தைத் தவறாமல் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது. பிரிட்ஜில் எடுத்துவைத்தது, சீவி எறிந்த துண்டுகள், மிஞ்சின கறி, எது இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள்.